நாற்காலி அடுக்கும் பாட்டு

“உங்கப்பாவுக்கு நெஜமாவே ட்ரம்பெட் வாசிக்கத் தெரியுமா?”

கிள்ளான் பாசாரில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண் ஒருநாள் விவியனிடம் கேட்டாள். அப்பா நடித்த படம் வெளிவந்த மாதம் அது. கேலியாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சவப்பெட்டிக்குள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த விவியனுக்கு அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், வாசல் கூடாரத்தில், அதே படம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் டேரனின் ஏற்பாடு அது. பெரிய டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்து மலர்வளையங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கையில் பாக்கெட் தண்ணீரோடு டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

கிள்ளானிலிருந்து காஜாங் வரை, அப்பா செபாஸ்டியனின் ட்ரம்பெட் இல்லாத பெரிய கல்யாணம் ஒரு காலத்தில் கிடையாது. வானொலியில் அவர் பெயரைச் சொன்னாலே போதும், ஆள் யாரென்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் வயதான காலத்தில் அவரைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுத்தார்கள். கேமராவைக் கண்டதும் அவர் முகம் விறைத்துப்போனது. நடிப்பு வரவில்லை என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அவரை முடித்தது மேடைக் காட்சிதான். திரையில் விரல்கள் ஒரு பக்கம் ஓடின, இசை இன்னொரு பக்கம் ஓடியது. ஊரே அந்தத் துண்டை வெட்டிப் போனில் அனுப்பிச் சிரித்தது.

அந்தக் காட்சியைப் பக்கத்து ஊர் காப்பாரில் ஒரு பழைய மண்டபத்தில் எடுத்தார்கள். ஊத வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும், இசையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொன்னாராம். விவியன் வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். அந்த இரைச்சலில் உள்ளே நடந்தது எதுவும் கேட்கவில்லை. அப்பா வெளியே வந்தபோது உதட்டில் ட்ரம்பெட்டின் வாய் அழுத்திய இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. அவள் பார்த்தாள். ஆனால் உதட்டுத் தடத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஊர் சிரித்ததை அப்பா தாங்கிக்கொண்டார். பக்கிரிசாமியின் போனைத்தான் தாங்கவில்லை. பக்கிரிசாமி அவருடைய டிரம்ஸ்காரர், வாலிபத்திலிருந்தே கூட வாசித்தவர்.

“வெரல வாடகைக்கு விட்டுட்டியாடா?”

“வாசிச்சேன்டா பக்கிரி,” என்று அப்பா சொன்னபோது எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை. அதன்பின் ட்ரம்பெட் பெட்டி அலமாரி மேல் ஏறியது. இறங்கவேயில்லை.

அந்தப் பக்கிரிசாமி இப்போது கூடாரத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சவப்பெட்டியருகே வரவில்லை.

விவியன் டேரனிடம் போய் நின்றாள். “படத்த நிப்பாட்டுண்ணே. மேடை சீன் வரப்போவுது.”

“வரட்டுமே லா. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அப்பாவ இதுலதான் தெரியும்.”

“பக்கிரி அங்கிள் வந்திருக்காரு.”

“அவருக்கு சீட் இருக்குல்ல?” என்றான் டேரன்.

அவள் அண்ணனின் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தபடி நின்றாள். பிடுங்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் ஜெபக்குழு ஆட்ரி ஆன்டி ஜெபமாலை தொடங்க வேண்டும், சத்தத்தையாவது குறையுங்கள் என்று கடிந்துகொண்டார். டேரன் முணுமுணுத்துக்கொண்டே சத்தத்தை முழுதாக அமுக்கினான். படம் ஊமையாக ஓடியது.

ஜெபம் பாதியில் இருக்கும்போது மேடைக் காட்சி வந்தது. விவியன் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி வரிசையில் டொக் டொக்கென்று ஏதோ சத்தம். பக்கிரிசாமி முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஜெப நேரத்தில்கூட கை சும்மா இருக்காதா என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது. பிறகுதான் அந்தத் தாளம் பிடிபட்டது.

அது நாற்காலி அடுக்கும் பாட்டு. கல்யாண விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு, வேலையாட்கள் நாற்காலிகளை அடுக்கும்போது, அவர்கள் இருவரும் தங்களுக்காக மட்டும் வாசிப்பது. அப்பா கட்டிய மெட்டு. சின்ன வயதில் எத்தனையோ மண்டபங்களில் அதைக் கேட்டபடியே அம்மா மடியில் அவள் தூங்கிப்போயிருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களின் மேல் அப்பாவின் விரல்கள் அந்தத் தாளத்திலேயே ஏறி இறங்கின. ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா மூச்செடுக்க நிறுத்திய இடத்தில் பக்கிரிசாமியின் விரலும் நின்றது. அப்பா ஊதியதும் அதுவும் மறுபடி தட்டத் தொடங்கியது.

காட்சி மாறியது. அப்பா விறைத்த முகத்தோடு யாரிடமோ வசனம் பேசினார். பக்கிரிசாமியின் கை நாற்காலி முதுகிலேயே கிடந்தது.

ஜெபம் முடிந்ததும் டேரன் சத்தத்தைக் கூட்டினான். பக்கிரிசாமி எழுந்தார். ஏதாவது சொல்வார் என்று விவியன் கேட் பக்கம் ஓடி வந்து நின்றாள். அவர் தன் நாற்காலியைத் தூக்கி வந்தார். கேட்டருகே அடுக்கியிருந்த மிச்ச நாற்காலிகளின் மேல் அதைப் பொருத்தி, ஆடாமல் உட்காரும்படி ஒருமுறை அழுத்தினார். பிறகு அவளைக் கடந்து சாலையில் இறங்கி நடந்தார்.