பச்சைப் பெட்டிக் கட்சி

திருத்தணி நெசவாளர் ஐக்கியக் கட்சியின் சரித்திரத்தை எழுத ஒரு தபால் கார்டு போதும். அதிலும் பாதி மிச்சமிருக்கும். யுத்தம் வந்து கடைகளில் நூல் காணாமல் போன வருஷம் பரந்தாமன் அதை ஆரம்பித்தார். முதல் தேர்தலில் மண்ணைக் கவ்வியது. அடுத்ததில் பள்ளிப்பட்டில் ஒரே ஒரு பஞ்சாயத்து மெம்பர் கிடைத்தார். போட்ட மாலை வாடுவதற்குள் அந்தப் புண்ணியவானும் வேறு கட்சிக்குப் போய்விட்டார்.

கட்சிக்குத் தலைவர் பரந்தாமன். மற்ற எல்லாமே அவர் மனைவி ரஞ்சிதம். கொடி தைத்தவளும் அவள்தான், கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றியவளும் அவள்தான்.

நாற்பத்தாறில் சட்டசபைத் தேர்தல் வந்தது. "ஜெயிச்சா பட்டணத்துல போய் நூலுக்கு மல்லுக்கு நிக்கலாம்" என்றார் பரந்தாமன். "தோத்தாக்கூட நம்ம தெரு நம்ம பக்கம் இருக்குதுன்னு தெரிஞ்சா போதும் ரஞ்சிதம். அதுவும் இல்லன்னா, யாருக்கோசரம் இந்த அலைச்சல்?" ஊரெல்லாம் அவரைக் கிறுக்கன் என்றது. தன் தெருவாவது அப்படி நினைக்கவில்லை என்பதுதான் அந்த மனிதர் உயிரைப் பிடித்து வைத்திருந்த கயிறு. ரஞ்சிதத்துக்கு அது தெரியும்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரசுக்கு மஞ்சள், பரந்தாமனுக்குப் பச்சை. எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது என்றாலும், வரி கட்டும் வீடுகள் அவருடைய நெசவுக்காரத் தெருவில் கொஞ்சம் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களுக்கும் ஓட்டு வந்திருந்தது.

ஆண்களிடம் அவர் பேசினார். பெண்களிடம் ரஞ்சிதம் போனாள். வெறும் பேச்சை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. கணவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, வீட்டுக்கொரு துண்டாகக் கொடுத்தாள். "காலணா முடிஞ்சி வெச்சி, அவரு ஜெயிக்கணும்னு முருகன வேண்டிக்கோங்க" என்றாள். காய்ச்சலோ கடனோ, எது வந்தாலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து மலைமேல் உண்டியலில் போடுகிற ஊர் அது. பரந்தாமனுக்கு நேர்த்தி, பிரார்த்தனை என்றாலே எரிச்சல். அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை.

எதிர்வீட்டு எல்லம்மாள்தான் முதலில் கையை நீட்டினாள். அவள் வீட்டுத் தறி பொங்கலிலிருந்து சும்மா கிடந்தது. பிள்ளைகள் பாதி வயிற்றோடு படுத்தன. பச்சைப் பெட்டி என்பதையும் ரஞ்சிதம் சொல்லத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது காதோடு போயிற்று. கொடுத்தது கையில் நின்றது.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் பரந்தாமன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார். மூடியிருந்த கையை விரித்தார். உள்ளே மஞ்சள் முடிச்சு ஒன்று இருந்தது.

"நம்ம பொம்பளைங்க ஓட்டு போட்ட எடத்து மஞ்சப் பெட்டியக் கவுத்தாங்க. சீட்டோட சீட்டா இது கொட்டிச்சி. ஒண்ணு ரெண்டு இல்ல. அதிகாரி ஒதுக்கிப் போட்டதுல ஒண்ண எடுத்துகினு வந்தேன்." அவர் குரல் உடைந்தது. "எனக்கு ஓட்டு போடலன்னாகூடப் பரவால்ல. நான் தோக்கணும்னு நேர்ந்துகினு வந்து போட்டிருக்காங்களே."

ரஞ்சிதம் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். அது அவள் கிழித்த வேட்டி. அந்தக் கரையை அவளுக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சளில் வேண்டிக்கொண்டதைப் பச்சையில் போட்டால் சாமிக்கு ஆகாது என்று நினைத்திருப்பார்கள், உங்களுக்கென்று நினைத்துத்தான் போட்டிருப்பார்கள், தப்பு என்னுடையது என்று அழுதாள்.

பரந்தாமன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீ நல்லவ. தெருவக் காப்பாத்தறதுக்குப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கற. வேணாம் ரஞ்சிதம். காலைல கட்சி போர்டக் கழட்டிடறேன். அரக்கோணத்துல உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம். இந்த மூஞ்சிங்கள இனிமே பாக்க முடியாது என்னால."

கல்லில் முட்டிக்கொண்டு சொல்லியிருந்தால் கல்கூட நம்பியிருக்கும்; அவர் நம்பவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் பேச்சுக் குரல்கள் கேட்டன.

தெருப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் எல்லம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரித்தே எத்தனையோ நாளாயிற்று.

"மஞ்சப் பெட்டி ஜெயிச்சிடுச்சாமே நைனா. கடைத்தெருவுல மேளம் அடிச்சிகினு போறாங்க. நாங்க அத்தினி பேரும் அதுலதான் போட்டோம். ரஞ்சிதக்கா குடுத்த முடிச்சையும் சீட்டோடவே சேத்துப் போட்டோம். முருகன் கைவிடலங்க."

பரந்தாமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரு அவரை நம்பியிருந்தது. அத்தனை பேரும் நம்பி, அத்தனை பேரும் அவரைத் தோற்கடித்திருந்தார்கள். இப்போது அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்புகள் அணைந்துவிடும்.

அவர் எழுந்து வாசலுக்கு வந்து கிழக்கு பார்த்து நின்றார். எல்லம்மாள் தட்டைச் சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். தோற்றவர் ஜெயித்தவராக நிற்பதைக் காணச் சகிக்காமல் ரஞ்சிதம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இனிமே நூலு வந்துடும் இல்ல நைனா?" என்று கேட்டாள் எல்லம்மாள்.

பரந்தாமன் கையிலிருந்த முடிச்சை மடியில் செருகிக்கொண்டார்.

"வரும்மா" என்றார்.

எல்லம்மாள் ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். தறியில் தூசி அடைந்து கிடக்கிறது, இப்போதே துடைத்து வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.