கீழ்வீட்டுச் சுவர்

ஜீவனஹள்ளியில், இளங்கோவனின் கீழ்வீட்டில் காலையிலேயே சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது. கூடத்துக்கும் சின்ன அறைக்கும் நடுவே இருந்த சுவரை மேஸ்திரி இடித்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்னேஹாவின் நிச்சயதார்த்தத்துக்குள் கூடம் பெரிதாகிவிட வேண்டும் என்பது இளங்கோவனின் ஆசை. சிவாஜிநகர்த் துணிக்கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாடி வீட்டுப் பவுலின் இறங்கி வந்தார். நிலமும் கட்டடமும் இரண்டு குடும்பங்களுக்கும் பொது. கீழே இவர்கள், மேலே பவுலினும் கணவர் ஓஸ்வால்டும்.

“இளங்கோ, எங்க பெட்ரூம் தரையில விரிசல் விட்டிருக்குப்பா. வேலைய நிறுத்திட்டு ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டிடு.”

“பழைய பில்டிங்க்கா. விரிசல் விடத்தான் செய்யும்.”

“நேத்து இல்லியே. மேல வந்து ஒருவாட்டி நீயே பாரேன்.”

இளங்கோவன் எழுந்திருக்கவில்லை. போன வருஷம் வண்டி நிறுத்த அவர் கொட்டகை போடப் போனபோது, பொது வழி அடைபடும் என்று தடுத்தவர் இதே பவுலின். அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

“என் வீட்டுக்குள்ள நான் எது செஞ்சாலும் குறுக்க வந்து நிக்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

பவுலினின் முகம் இறுகியது. “சரி சார். கார்ப்பரேஷன்ல போய்ச் சொல்லிக்கறேன்.” இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் இளங்கோவனை சார் என்று அழைத்தது அதுதான் முதல் முறை.

உள்ளேயிருந்து மனைவி மங்களம் வந்தாள். “அவங்க சும்மா வந்து சொல்ற ஆளில்ல. போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்.”

“பாத்தா நிறுத்தச் சொல்வாங்க,” என்றவர் மேஸ்திரியிடம் திரும்பினார். “ஆபீசுலேர்ந்து யாராச்சும் வர்றதுக்குள்ள மிச்சத்தையும் தள்ளிடுங்க.”

மத்தியானத்துக்குள் சுவர் முழுவதும் சரிந்தது. கட்டடமே ஒரு தடவை குலுங்கி நின்றது. புழுதி அடங்கும் முன்பே மாடியில் தடதடவென்று சத்தம். பவுலின் வேண்டுமென்றே தரையை இடிக்கிறார் என்று நினைத்த இளங்கோவன், கொதித்துப்போய்ப் படியேறினார்.

பவுலின் படுக்கையறைக் கதவைத் தோளால் மோதிக்கொண்டிருந்தார். நிலைச்சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, கதவு இறுகிக் கிடந்தது. உள்ளே ஓஸ்வால்ட் இருமுவது விட்டுவிட்டுக் கேட்டது.

“புழுதியில அவருக்கு மூச்சு முட்டுது. இன்ஹேலர் எடுக்க ஹாலுக்கு வந்தேன். கட்டடம் அதிர்ந்ததுல கதவு அடிச்சுச் சாத்திக்கிச்சு. தொறக்க வரல.”

இளங்கோவன் படிப்பக்கம் ஓடினார். கீழே குரல் கொடுத்தார். மேஸ்திரி கடப்பாரையோடு ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். மரம் பிளந்ததே தவிர கதவு அசையவில்லை. உள்ளே இருமல் நின்றுவிட்டது.

“என்னங்க, ஏதாவது பேசுங்க,” என்று பவுலின் கதவில் கன்னத்தை வைத்துக் கெஞ்சினார். பதில் இல்லை.

இளங்கோவன் உடம்பின் மொத்த பலத்தையும் கடப்பாரைமேல் போட்டு அழுத்தினார். கீல் பெயர்ந்து கதவு சரிந்தது.

கட்டிலோரம் மடங்கிக் கிடந்த ஓஸ்வால்டின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பவுலின் இன்ஹேலரைக் கணவரின் வாயில் வைத்து அழுத்தினார். அவர் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் இளங்கோவன் தரையைப் பார்த்தார். விரிசல் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவர் இடித்த சுவர் நின்றிருந்தது.

ஓஸ்வால்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்ஜினியர் வந்து முட்டுக் கொடுக்கச் செய்தார். இரும்பு பீம் போடும்வரை இரண்டு வீட்டிலும் யாரும் தங்கக் கூடாது என்றார். நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவுலின் எதிரே இளங்கோவன் போய் நின்றார். “பீம் போட்டு நானே எல்லாத்தையும் சரி பண்ணித் தரேங்க்கா.”

“உன் ஹாலப் பெரிசாக்காதன்னு நான் சொல்லலியேப்பா. கேட்டுச் செஞ்சிருந்தா, சேந்து உக்காந்து ஒரு வழி பாத்திருக்கலாம்.”

இளங்கோவனின் கண் கலங்கியது.

“செவுரு எனக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சுட்டேங்க்கா. ரெண்டு குடும்பம் சேந்திருக்கற கட்டடத்துல என் இஷ்டம்னு ஒண்ணு கெடையாது. ஒரு செங்கல்ல எடுக்கறதா இருந்தாலும், பக்கத்துல இருக்கறவங்க உசுரும் அதுமேல நிக்குதுன்னு நெனச்சு, கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.”