இடது காலுக்கு நாற்பத்து மூன்று

அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டை இருட்டில் தடவிப் பார்த்தே சரிசெய்துவிடுவார். ஒரு சைக்கிள் பெடலோடு சனிக்கிழமை காலை முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து அவருடைய இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து மறுபடி சைக்கிள் ஏறத் தொடங்கியபோது, மனைவியின் அண்ணன் தன்னிடமிருந்த ஒரு ஜோடி பவர் பெடலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். எந்தக் கால் எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறது என்று அளந்து, கைப்பிடியிலுள்ள சின்னத் திரையில் காட்டும் பெடல்கள் அவை. முதல் நாள் நூற்றுக்கு இடதுக்கு முப்பத்தெட்டு, வலதுக்கு அறுபத்திரண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மூன்று மாதங்களுக்கு முன் ஐம்பதுக்கு ஐம்பது ஆனது. அன்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

இந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காட்டுப்பாதையில் எழுபது கிலோமீட்டர் பந்தயம். மச்சானும் அவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். தார்ச்சாலைப் பெடல் சேற்றுக்கு உதவாது. ஆனால் அளக்கும் கருவி முழுவதும் அச்சுக்குள்தான் இருக்கிறது. வெளிக்கூட்டைக் கழற்றி, சேற்றுக்கான கூட்டை அதே அச்சில் மாட்டினால் போதும். கூட்டோடு வந்த தாளில் இருபது நிமிட வேலை என்று போட்டிருந்தது.

வலது கூட்டின் உள்ளே இருந்த நட்டு அசையவில்லை. அரைமணி நேரம் பல்லைக் கடித்துத் திருகிய பிறகுதான் அது எதிர்ப்பக்கம் கழலும் நட்டு என்று தாளின் பின்பக்கத்தில் கண்டார்.

"இதை முன்பக்கம் போட்டா கையா ஒடிஞ்சிரும் இவனுங்களுக்கு?"

அடுத்து, நகக்கண் அளவு ரப்பர் வளையம் ஒன்று துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. மனைவி குனிந்து துடைப்பக்குச்சியால் தள்ளி எடுத்துக் கொடுத்தாள்.

"சமையல் மேடை எனக்கு எப்போங்க கிடைக்கும்?"

"பத்து நிமிஷம்."

"அதை எட்டு மணிக்கே சொல்லிட்டீங்க."

ஒருவழியாக இரண்டையும் மாட்டி, தெருவை நான்கு முறை சுற்றினார். திரையில் இடது நாற்பத்து மூன்று. வலது ஐம்பத்தேழு.

திரும்பி வந்து பிரித்தார். பேரிங்கைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து மூடினார். நாற்பத்து மூன்று. மறுபடி பிரித்து, நட்டை அளந்து முறுக்கினார். நாற்பத்து மூன்று.

"கால் ஏதாவது வலிக்குதா?" என்றாள் மனைவி.

"காலுக்கு ஒண்ணும் இல்ல. இந்தச் சனியன் பிடிச்ச கூடுதான்."

கடைசியில் வெறுத்துப்போய் பழைய கூடுகளையே மாட்டி ஓட்டினார். அப்போதும் நாற்பத்து மூன்று. உள்ளே வந்தவர் ஸ்பானரைப் பாத்திரத்தொட்டியில் வீசினார். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. மனைவி அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மச்சான் வந்து, எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலையில குறை இல்ல மாப்பிள்ளை. கூடு மாத்தினதும் ஜீரோ பண்ணச் சொல்லித் திரையில கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் பண்ணேன். காலை எடுத்துட்டு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதானே?"

"சரி. அதுக்கு முன்னாடி எப்போ பண்ணீங்க?"

அவர் யோசித்தார். "நீங்க மாட்டிவிட்ட அன்னைக்கு. நீங்கதான் பண்ணீங்க."

"பத்து மாசமாவா?" மச்சான் தலையில் கை வைத்தார். "ஓட்டப் போறப்பல்லாம் பண்ணணும். இல்லேன்னா எண் மெல்ல மெல்ல விலகிக்கிட்டே போகும். தராசுத் தட்டுல கல்லை வச்சுக்கிட்டே எடை போட்டிருக்கீங்க."

"அப்போ அந்த ஐம்பது?"

"பொய். இன்னைக்குக் காட்டுறதுதான் நிஜம்."

"நான் ஏறின மேடெல்லாம்?"

"வலது கால் ஏறுச்சு, மாப்பிள்ளை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொடையை அழுத்திப் பார்த்தார். ஐம்பதைப் பார்த்த மறுவாரமே, இனி வேண்டாம் என்று பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பிசியோதெரபி கொடுத்த பெண் இன்னும் ஆறு மாதம் வரச் சொன்னதை மனைவியிடம்கூட மறைத்திருந்தார். பெடலைத் திட்டலாம், தாளைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

"இன்னும் ஆறு மாசம் வரச் சொன்னாங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் போகல."

மனைவி உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவதை நிறுத்தி நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மச்சான் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"நாளைக்கு மெதுவா ஓட்டலாம். பாதியிலகூடத் திரும்பிடலாம்."

"வேண்டாம் மச்சான். நீங்க போயிட்டு வாங்க."

எழுந்து பின்கட்டுக்குப் போய் பிசியோதெரபிஸ்டுக்குப் போன் செய்தார். மூன்று மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வாங்க சார். அரை டிராயர் போட்டுக்கிட்டு வாங்க."