ஒரு பால்பல்லுக்கு எத்தனை நாள் தீட்டு?

1
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்பார்கள் என்னை. அவதூறு. 1988 ஐப்பசியில் நான் மழைக்கு ஒதுங்கிய ராஜபாளையத்தில், பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியில்தான் பல்கலைக்கழகம் தன் தொல்பொருள்களை வைத்திருந்தது. சோழபுரம் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழி. அதற்கு முன்னால், பஞ்சில், மாதுளை முத்தளவு ஒரு பால்பல். ஈராயிரம் ஆண்டு! வாயில் வெற்றிலையோடு நின்றவன் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். இனி வருவதில் பாதி அங்கே ஆராய்ச்சி செய்த பீர் மைதீன் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

2
காலத்தின் கருவறையில் உறங்கும் அந்தச் சின்னஞ்சிறு...

(அடித்துவிட்டேன். பல் எங்காவது உறங்குமா?)

தாழியை ஆராய்ந்தவள் வஞ்சுளவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். பிணம் புதைத்த தாழி என்று தெரிந்தால் படிப்பு அன்றோடு சரி. "தானிய ஜாடி" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஆனால் தினமும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை.*

அம்மா பத்மாசனி கேட்டாள்: "நெல்லைத் தொட்டதுக்கு யாராவது ஸ்நானம் பண்ணுவாளாடி?"

மறுநாள் மகளோடு அவளும் பஸ் ஏறினாள்.

* பொய் சொல்கிறவள் இவ்வளவு ஆசாரம் பார்ப்பாளா என்று எனக்கே சந்தேகம். பொய் வாய்க்கு, ஆசாரம் உடம்புக்கு. (ஆகா. இதை நானா எழுதினேன்?)

3
பீர் மைதீன் சமாளிக்கப் பார்த்தான். "ஜாடிதாம்மா. அந்தக் காலத்துல கம்பு, கேப்பை போட்டு வச்சிருக்காவ."

"கம்புக்குப் பல் முளைச்சிருக்கேப்பா!"

வஞ்சுளவல்லி சொல்லிவிட்டாள். "கொழந்தைம்மா. நாலு வயசிருக்கும்."

திட்ட வாயெடுத்த பத்மாசனி பல்லைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"பெத்தவ பக்கத்துல இல்லையா?"

"இல்லை. தனியாத்தான். ஒரு கிண்ணம் மட்டும் வெச்சிருக்கா."

"ரெண்டாயிரம் வருஷமாவா?"

4
வீடு திரும்பியதும் மகளுக்கு முந்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள் பத்மாசனி. தலைவழியே தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

முடிவு ஒன்று: தீட்டைக் கழித்தாள். நாளை முதல் மகள் வீட்டோடு.

முடிவு இரண்டு: சாவுச் செய்தி வந்தால் உறவுக்காரர்கள் முழுகுவார்களே, அந்த முழுக்கு. அப்படியென்றால் அந்தக் குழந்தைக்கு இவள்...

(பேனா இதற்கு மேல் நகரவில்லை. உறவுமுறை சொல்ல எனக்கு என்ன தகுதி?)

இரண்டு முழுக்குக்கும் தண்ணீர் ஒன்றுதான். பார்த்துச் சொல்ல முடியாது. ஈரம் சொட்ட நிற்பவளிடம் வஞ்சுளவல்லி கேட்கிறாள்: "நாளைக்கு நான் போகட்டுமாம்மா?"

பத்மாசனி பதில் சொல்கிறாள். நான் தெருவில் நிற்கிறேன், காதில் விழவில்லை. நீங்கள்தான் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். என்ன சொன்னாள்?