பின்சந்துச் சுவரில் அனந்தலக்ஷ்மி மாமி

"பிள்ளையார், ஏசு, குருநானக். வரிசையா மூணு படம். எல்லா சொசைட்டியிலயும் இதைத்தான்—"

"நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல—"

"—பண்ணியிருக்கா. அப்புறம் எவனும் பேன்ட்ல கை வெக்க மாட்டான்."

"மூத்திரச் சந்துல பிள்ளையாரைக் காவலுக்கு நிறுத்தறேளா? அவர் என்ன சௌகிதாரா?"

"கத்தாதே காமு. பெயின்டர் நிக்கறார்."

"நிக்கட்டுமே. அவருக்குத் தமிழ் தெரியுமா என்ன?"

ரமேஷ்குமாருக்குத் தமிழ் தெரியாது, சண்டை தெரியும். கடைப் பலகையும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதுகிறவர். வீட்டுக்காரர்கள் சண்டை போட்டு முடிக்காமல் எந்தச் சுவரிலும் பிரஷ் வைக்க முடிந்ததில்லை. காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மயூர் விஹாரில் அந்த அடுக்குமாடி சொசைட்டியின் பின்பக்க மதில், காமாக்ஷியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. மெட்ரோவுக்குக் குறுக்கு வழியாகப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், டெலிவரிக்காரர்கள் எல்லாரும் அதை நனைத்துவிட்டுத்தான் போனார்கள். சொசைட்டி செக்ரட்டரியான அவள் கணவர் சேஷு முதலில், 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று இந்தியில் எழுதவைத்தார். பிறகு, 'பாருங்கள், கழுதை மூத்திரம் போகிறது' என்று எழுதவைத்தார். கழுதைகள் நிதானமாகப் படித்துக்கொண்டே போயின.

சமையலறை ஜன்னல் சாத்தியே கிடந்தது. தாளிக்கிற புகை உள்ளேயே சுற்ற, காமாக்ஷிக்கு இருமல் விட்டபாடில்லை. "ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"சாமிக்கெல்லாம் இவா பயந்துடுவாளா?" என்றாள் காமாக்ஷி. "யாரையாவது நிறுத்தியே ஆகணும்னா அனந்தலக்ஷ்மி மாமியை நிறுத்துங்கோ!"

எரிச்சலில் வந்த வார்த்தைதான். ஆனால் சொன்னவளும் கேட்டவரும் சேர்ந்தாற்போல் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாவது மாடி ஜன்னல் பூட்டிக் கிடந்தது. மாமி காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவள் அந்த ஜன்னலில் நின்றவரைக்கும் சந்து காய்ந்துதான் இருந்தது.

சேஷு மூக்கைச் சொறிந்தார். "சாமி இல்லேன்னா கமிட்டியில கேப்பா."

"செக்ரட்டரி நீங்கதானே? பதில் சொல்லுங்கோ."

"மாமி கௌன்? யார் அது?" என்று ரமேஷ்குமார் கேட்க, பேச்சு இந்திக்கு மாறியது.

சேஷு போனில் கேட்க, மாமியின் பிள்ளை ஷ்ரவண் டொரான்டோவிலிருந்து உடனே ஒரு போட்டோ அனுப்பினான். கல்யாணப் போட்டோ. பட்டுப்புடவையில், கேமராவுக்கு பயந்து, மாமி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரமேஷ்குமார் உதட்டைப் பிதுக்கினார். "மாதாஜி, இவங்களைப் பார்த்தா யாரும் ஓட மாட்டான். தண்ணி வேணுமான்னு கேப்பான். வேற எப்படி இருப்பாங்க, சொல்லுங்க."

"கண்ணாடி நெத்தி மேல இருக்கும்," என்றார் சேஷு.

"எப்போ பார்த்தேள்? மூக்கு நுனியில. விழப்போற மாதிரி."

"தலையில துண்டு," என்றாள் அடுத்த வீட்டு மஞ்சு. துணி உலர்த்த வந்தவள், பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். "எப்பவும் தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத் துண்டு."

"அது வெள்ளிக்கிழமை மட்டும்!"

"அச்சா, நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பார்த்தேனாக்கும்?"

ரமேஷ்குமார் கையைத் தூக்கினார். "கண்ணாடி, துண்டு எல்லாம் சரி. முகம்?"

இருபத்தைந்து வருஷம் பார்த்த முகம். காமாக்ஷி கண்ணை மூடிப் பார்த்தாள். முகம் வரவில்லை. குரல்தான் வந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனாள். சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாதி இந்தியும் பாதி தஞ்சாவூருமாக, மாமி குரலிலேயே அவள் போட்ட சத்தத்தில் மதில் மேலிருந்த புறாக்கள் பறந்தன.

"ஏ பையா! வீட்டுல பாத்ரூம் நஹீ ஹை க்யா? அம்மா கா நம்பர் தோ, குடு, நான் பேசறேன்!"

சந்தின் கோடியில் அப்போதுதான் பைக்கை நிறுத்தி, பெல்ட்டில் கை வைத்திருந்த ஒரு டெலிவரிக்காரன், "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். மஞ்சு சிரித்த சிரிப்பில் பக்கெட் உருண்டது.

"அப்படியே இருங்க மாதாஜி! அசையாதீங்க!" ரமேஷ்குமார் கரித்துண்டோடு சுவருக்குத் தாவினார்.

மறுநாள் வர்ணம் தீட்டும்போது, சுவரைப் பார்த்தபடியே அவர் காமாக்ஷியிடம் இந்தியில் கேட்டார்: "உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை. மாடி வீடு, அவ்வளவுதான். தினம் சண்டை. அவா ஜன்னல்லேர்ந்து கயித்துல பை இறக்கி காய்கறி வாங்குவா. பை என் ஜன்னலைத் தாண்டிப் போறச்சே, 'அதுலேர்ந்து ஒரு பச்சமொளகா எடுத்தியாடி'ம்பா."

"எடுத்தீங்களா?"

"எடுக்காம?"

ரமேஷ்குமார் சிரித்தார். காமாக்ஷி தேநீர்க் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள். போகவில்லை.

"என் பொண்ணு ஷ்ரேயாவுக்கு அப்போ நாலு வயசு. நான் அடுப்படியில இருந்தேன். பலூன்காரன் பின்னாடியே பின்கேட்டைத் தாண்டிப் போயிடுத்து. வெளியில பஸ் ஓடற ரோடு. எனக்குத் தெரியவே தெரியாது. மாமி மேலேர்ந்து போட்ட கூச்சல்ல காய்கறிக்காரன் வண்டியை விட்டுட்டு ஓடி, ரோடு நடுவுலேர்ந்து தூக்கிண்டு வந்தான்."

பிரஷ் நின்றது. "அப்புறம்?"

"குழந்தையை இடுப்புல வெச்சுண்டு மாடிக்கு ஓடினேன், அவா கால்ல விழறதுக்கு. மாமி ஜன்னலை விட்டுத் திரும்பக்கூட இல்லை. 'அழுதது போறும். கீழே அடுப்பை அணைச்சியா, போய்ப் பாரு'ன்னா. அணைக்கலை. பால் பொங்கி வழிஞ்சிண்டிருந்தது."

"தேங்க்ஸ் சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாத்தானே? எப்போ ஆரம்பிச்சாலும், 'அதிருக்கட்டும், கொத்தமல்லி இருக்கா'ம்பா."

ரமேஷ்குமார் பச்சை வர்ணத்தைக் குழைத்தார்.

முடிந்தபோது மதிலில் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் இடுப்புக்கு மேலே மாமி. ஒரு கை கம்பியில், மற்றொரு கையில் கயிறு. கண்ணாடி மூக்கு நுனியில், தலையில் ஈரத் துண்டு, வாய் அகலத் திறந்து. கயிறு சுவர் நெடுக இறங்கி, அதன் முனையில் தொங்கிய பையிலிருந்து கொத்தமல்லி எட்டிப் பார்த்தது.

சேஷு வெகுநேரம் பார்த்தார். "மாமிதான். ஆனா மூக்கு உன்னோடது, காமு."

"இருக்கட்டும். மாமி கேட்டிருந்தா காதையும் சேர்த்துக் குடுத்திருப்பேன்."

சந்துக்குள் வந்தவர்கள் அண்ணாந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். பழைய காய்கறிக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தி, "ராம் ராம் அம்மாஜி" என்றார். பையில் என்ன போடுவது என்று ஒரு கணம் அவர் கை தயங்கியதை மஞ்சு பார்த்திருக்கிறாள். பினாயிலும் தண்ணீரும் விட்டுக் கழுவக் கழுவ நாற்றம் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் போயே போய்விட்டது.

அன்று காலை காமாக்ஷி ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்து ரசத்துக்குத் தாளித்தாள். புகை சந்துப்பக்கம் போயிற்று. இருமல் வரவில்லை. எதிரே மாமி எதையோ கேட்கிற வாயோடு நின்றிருந்தாள். காமாக்ஷி குனிந்து அடுப்பின் குமிழைத் திருகினாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்:

"மாமி, அடுப்பை அணைச்சுட்டேன்."