தகட்டுக்குப் பின்னால்

ஆர்டிஸ் குவாலேயின் ஹார்டுவேர் கடையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கடையை அல்ல, ஐம்பது வருடமாக அதன் முகத்தை மூடியிருந்த பச்சை அலுமினியத் தகட்டை. 1963இல் எங்கள் மெயின் தெருக்காரர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது. செங்கல் பழசு, தகடு புதுசு என்று ஆளாளுக்கு முகப்பை மூடிக்கொண்டார்கள்.

என் அப்பா ஓர்வில் ட்வெய்ட் இந்த ஊர் கொத்தனார். அந்தக் கடை வந்தால் காறித் துப்பிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நடப்பார். "உள்ள எல்லாம் பத்திரமா இருக்குடா வெர்லின். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேல செதுக்கின கல் வளைவு. அப்படியே இருக்கு" என்று சாகும்வரை சொன்னார்.

நானும் கொத்தனார்தான். அந்தக் கடையை இடித்து கார் நிறுத்துமிடமாக்க ஊர் மன்றம் கிளம்பியபோது, அப்பா சொன்னதை அப்படியே மன்றத்தில் சொன்னேன். மாநிலத்தின் பழங்கட்டடப் பட்டியலில் ஏறினால் இடிக்க மாட்டோம் என்றார்கள். ஆர்டிஸ் என் பேச்சை நம்பிப் பட்டியலுக்கான மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியல் அதிகாரி பாலெட் வந்தாள். பாதி ஊர் மடக்கு நாற்காலியும் காபியுமாக எதிரே உட்கார்ந்திருந்தது. நான் சாரத்தில் ஏறித் தகட்டைக் கழற்றினேன்.

முதலில் புறா எச்சம் கொட்டியது, முழங்கை ஆழத்துக்கு. செத்த குஞ்சுகள், அழுகிய முட்டை. நாற்றத்தில் கீழே இரண்டு பேர் எழுந்து போனார்கள். பின்னால் ஒன்பது ஜன்னல்கள். ஒன்றுக்குமே வளைவு இல்லை. தகடு சமமாகப் படிய வேண்டுமென்று எல்லாவற்றையும் உளியால் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். பக்கத்துச் செங்கல்லில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அவ்வளவு நல்ல கை.

"எந்த நாய்டா பண்ணுச்சு?" என்று எனக்குள் கறுவினேன்.

மறைந்துபோகும் இடத்தில் பென்சிலால் பெயர் எழுதுவது எங்கள் ஊர் கொத்தனார்களின் பழக்கம். கடைசி ஜன்னல் மூலையில் இருந்தது: ஓ. ட்வெய்ட், ஜூன் 1963.

பாலெட் ஃபைலை மூடினாள். "இது இனிமே பட்டியலுக்கு ஆகாதுங்க. யார் பண்ணதுன்னு ஏதாவது எழுதியிருக்கா? பதிவுக்குக் கேக்கறேன்."

கட்டைவிரலை எச்சில்படுத்தி அந்தப் பெயரைத் தேய்த்தேன். புறா எச்சமும் பென்சில் கரியும் குழைந்து விரலில் அப்பிக்கொண்டது. அப்பாமேல் வந்த அருவருப்பு அப்போதே என்மேலும் வந்தது.

"ஒண்ணும் இல்லைங்க."

ஆர்டிஸ் அழவில்லை. எங்கள் ஊரில் யாரும் தெருவில் அழ மாட்டார்கள். வீட்டில் செய்து கொண்டுவந்திருந்த, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கில் ஒரு துண்டு வெட்டி, தட்டோடு சாரத்தின்மேல் நீட்டினாள்.

"விடு வெர்லின், நீ என்ன பண்ணுவ. உங்கப்பா மட்டும் இருந்திருந்தா, உளித் தடத்தைப் பாத்தே அவன் யாருன்னு சொல்லியிருப்பாரு."

அந்த விரலோடுதான் தட்டை வாங்கினேன்.