நடுரோட்டுப் பள்ளம்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே கடப்பாரைச் சத்தம் தொடங்கிவிட்டது. மேலே தார், அதன் கீழே ஜல்லி, அதற்கும் கீழே ஈரக் களிமண். ஒவ்வொரு குத்தின் அதிர்வும் மணிக்கட்டில் ஏறி, தோளை உலுக்கி, கடைவாய்ப் பல்வரை போய் நின்றது. குத்துகிறவளை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடப்பாரை விழுகிற சத்தம் அப்படி. வாயும் அதற்குச் சளைத்ததல்ல.

அந்தத் தெருவில் இரண்டு கம்பெனிகள் சமையல் கேஸுக்குக் குழாய் புதைத்துக்கொண்டிருந்தன. இடது ஓரம் மஞ்சள் சட்டைக் கம்பெனி, வலது ஓரம் நீலச் சட்டைக் கம்பெனி. அதே தெரு, அதே வீடுகள், அதே கேஸ். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்கே வீடுகள் என்பதால் தலைதெறிக்க ஓட்டம்.

"ஒரு அடுப்புக்கு எதுக்குடி ரெண்டு குழாய்? பைத்தியக்காரப் பசங்க!" என்று இடி சிரிப்பாள்.

அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் பள்ளம் தோண்டுகிறவர்கள் பிழைப்பும் ஓடியது. மஞ்சள்காரன் கூலியில் கைவைத்தால், "எதிர்ப்பக்கம் போயிடுவோம்" என்று சட்டையைக் கழற்றுவார்கள். மறுநாளே கூலி பழையபடி வந்துவிடும். நீலத்திலும் அதே கதைதான். இடியே, மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடக்கிற மருமகள் மாதிரி, இரண்டு பக்கமும் போய்வந்தவள். இப்போது மஞ்சளில் இருந்தாள். எதிர் ஓரத்தில் நீலச் சட்டையோடு குத்திக்கொண்டிருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

அன்று காலை மேனேஜர் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே பச்சைச் சட்டைகள் மூட்டையாக இறங்கின.

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சு. இனிமே ஊருக்கே ஒரே குழாய். கேஸ் வர்றது நீலக் குழாயில, வீடுங்களுக்குப் போறது மஞ்சள் குழாயில. ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி ரெண்டையும் இணைக்கணும்."

"அப்ப ரெண்டு கேங்கும்?" என்றாள் இடி.

"ஒண்ணு போதும். அதுவும் பாதிக் கூலிக்கு."

"பாதியா? நாங்க எதிர்ப்பக்கம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள், எதிர்ப்பக்கத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா, எங்க போவீங்க?" மேனேஜர் சிரித்தார்.

இந்த ஊரில் பள்ளம் தோண்ட வேறு முதலாளியே இல்லை.

மேனேஜர் சாலை நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார். "ரெண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிட்டு வாங்க. கோட்டை முதல்ல தாண்டுற கேங்குக்கு வேலை. மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்."

"மண் சரியாம இருக்கப் பலகை குடுக்கணும் சார்" என்றான் தம்பி.

"பலகை அடிச்சுக்கிட்டிருந்தா நீ எப்பய்யா ஜெயிப்பே?"

அந்த இடத்திலேயே கடப்பாரையைக் கீழே போட்டிருக்க வேண்டும். யாரும் போடவில்லை. ஓடி ஓடிப் பழகிப்போன கைகள். போட்டி என்றதும் தாமாகவே பரபரத்தன. இடியின் புருஷன் இடுப்பு ஒடிந்து பாயில் கிடக்கிறான். தம்பி பொண்டாட்டி நிறைமாதம். இரண்டும் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் பள்ளத்தில் குதித்தார்கள்.

வெயில் ஏறியது. இரண்டு பள்ளமும் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகி, நடுவில் ஒரு மண் சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. சுவருக்கு அந்தப்புறம் தம்பி மூச்சு வாங்குவதுகூட அவளுக்குக் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா போடேன்." அது கேலியா கெஞ்சலா என்று தெரியவில்லை.

"நீ மெதுவா போடுடா!" என்று கத்திக்கொண்டே முழு பலத்தோடு குத்தினாள்.

சுவர் உடைந்தது. அதோடு அந்தப் பக்கத்துக் கரையும் மளமளவென்று சரிந்தது. தம்பியின் சத்தமே இல்லை.

"ஐயோ, எந்தம்பி!"

முதலில் குதித்தவர்கள் மஞ்சள்காரர்கள். "கடப்பாரையை எடுக்காதே, அவன்மேல பட்டுடும்!" என்று யாரோ அலற, மஞ்சளும் நீலமும் முட்டிக்கொண்டு வெறுங்கையால் மண்ணை வாரின. நகம் பிய்ந்தது. தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. இழுத்து மேலே போட்டபோது ஒரு கால் திசைமாறித் தொங்கியது. வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"நீ ஜெயிச்சுட்டேக்கா."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. இரண்டு மஞ்சள்காரர்களும் இரண்டு நீலக்காரர்களும் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். கூடவே ஓடத் துடித்தவள், பள்ளத்தைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மஞ்சள்தான் தாண்டியிருக்கு. மஞ்சள் மட்டும் இறங்குங்க. நீலம் கிளம்பலாம்."

யாரும் அசையவில்லை. இடி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சார், இதை இணைக்கலைன்னா?"

"பாதி ஊருக்கு கேஸ் போகாது. கிண்டல் பண்றியா? எழுந்திரு!"

"வேற பக்கமா சுத்திக் கொண்டுபோக முடியாதா?"

"இருக்கிறதே ஒரு குழாய். வேற பக்கம் ஏது?" சொல்லி முடித்த பிறகுதான் மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதானே! எங்களுக்கும் போக்கிடம் இல்லே, உங்க கேஸுக்கும் போக்கிடம் இல்லே. ரெண்டு கேங்குக்கும் வேலை, பழைய கூலி, பள்ளத்துக்குப் பலகை, அவன் காலுக்கு வைத்தியம். இதுக்கெல்லாம் ஒத்துக்கிற வரைக்கும் இது திறந்தேதான் கிடக்கும்."

"வெளியாளைக் கொண்டாந்து முடிக்க எனக்குத் தெரியும்."

மேனேஜர் போனை எடுத்தார். இடிக்குப் புருஷன் முகமும் நாளைய அடுப்பும் கண்முன் வந்து நின்றன. அப்போது நீலச் சட்டைக்காரி ஒருத்தி, இத்தனை நாளாக அவளைத் திட்டித் தீர்த்தவள், முழங்கையால் இடித்தாள்.

"தள்ளி உக்காருடி. ரோடு பூரா உனக்கேவா?"

இடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நகர்ந்து இடம் விட்டாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

உச்சி வெயிலில் தெருமுனையில் லாரி ஒன்று திரும்பியது. நிறைய ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள், எல்லார் தோளிலும் மண்வெட்டி. மேனேஜர் பச்சைச் சட்டை மூட்டையை அவிழ்த்தார். இடி எழுந்து, தெருவே அதிரக் கூப்பிட்டாள்:

"அண்ணே! சட்டையை வாங்குறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு தடவை குனிஞ்சு பாருங்க!"

லாரியிலிருந்து முதலில் குதித்தவன் தயங்கினான். நீட்டிய சட்டையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். பிறகு மேனேஜரைத் தாண்டி, பள்ளத்தை நோக்கி நடந்து வந்தான்.